வெந்நீர் அறைக்கு வயது நூற்று முப்பது

எனக்கு வரலாறு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் மொத்தம் ஏழு வாரம். அந்த ஏழு வாரத்துக்குள் ஒரு முழு ஊரையும் கிழடாக்கி, உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு கொத்தனாருக்கு நூற்று ஐம்பத்தாறு வயது கொடுத்துவிட்டேன். (இதையெல்லாம் செய்ய எனக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வேறு கொடுத்திருந்தார்கள்.)

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். குன்னூரில் பஸ் மாறிப் போகவேண்டிய சின்னப் பேரூராட்சி. ஒரு கடைவீதி, ஒரு பஸ் ஸ்டாண்டு, மிச்சமெல்லாம் தேயிலை. அந்த அலுவலகத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவ்வளவு போதும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், அம்மா சொல்கிற எல்லா வேலையையும் செய்துகொண்டு, "இவ சும்மாதான் இருக்கா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வதையும் கேட்டுக்கொண்டு. அந்தச் சமயத்தில்தான், மாவட்டத்தில் இருக்கிற பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிபடாமல் காப்பாற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உள்ளாட்சி அலுவலகங்களுக்கு உத்தரவு வந்தது. கணக்கெடுக்க ஏழு வாரத்துக்குத் தற்காலிக ஆள் வேண்டும், வரலாறு படித்தவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. பலபேரில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். விண்ணப்பித்ததே நான் ஒருத்திதான் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதை மட்டும் தெருவில் சொல்லவில்லை.

செயல் அலுவலர் ராமலிங்கம் சார் எனக்குப் பயிற்சி கொடுத்தார். பத்து நிமிடம். அதில் ஆறு நிமிடம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க பிலோமினா. ஒரு கட்டடம் பழசுன்னு நாம எழுதிட்டா அப்பறம் அதை இடிக்க முடியாது. அதனால வீட்டுக்காரங்க பொய் சொல்லுவாங்க. நேத்து கட்டினதும்பாங்க. நானே என் கையால கட்டினேன்னுகூடச் சொல்லுவாங்க. எதையும் நம்பிடாதீங்க. ஆதாரம் வேணும். ஆதாரம் இருந்தா எழுதுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர் வேறு எதையாவது சொல்லியிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

கையில் ஒரு கட்டு படிவம். ஒரு கட்டடத்துக்கு ஒரு படிவம். உரிமையாளர் பெயர், பயன்பாடு, சுவர் எதனால் ஆனது என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். மூன்று கட்டம் வரைக்கும் குதிரை மாதிரி ஓடுவேன். நாலாவது கட்டத்தில் குப்புற விழுவேன். நாலாவது கட்டம்: "கட்டப்பட்ட ஆண்டு".

யாருக்கும் தெரியாது. கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பதில் சொன்னார்கள். "எங்க மாமியா கலியாணமாகி வந்தப்பவே இருந்துச்சுங்க" என்றார் ஒரு அம்மா. மளிகைக்கடைக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரோடு இடிஞ்சு பஸ் நின்னுபோச்சே, அந்த மழைக்கு ரெண்டு வருஷம் முந்தி" என்றார். எந்த மழை என்று கேட்டேன். "அதாங்க, ரோடு இடிஞ்ச மழை." நாலு நாளில் பதினோரு படிவம் எடுத்தேன். பதினொன்றிலும் நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தது. ராமலிங்கம் சார் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, கோடு போட்ட பேப்பரா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். காற்றில் கூரை ஓடு ஒன்று நழுவி என் காலடியில் விழுந்து இரண்டாக உடைந்தது. டீக்கடைக்காரர், "தலைல உழுகலீங்களே" என்று பதறினார். எனக்கு அது காதில் விழவில்லை. உடைந்த ஓட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பறவை (கழுகோ கோழியோ, அவ்வளவு தெளிவாக இல்லை), அதைச் சுற்றி ஏதோ ஒரு கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே அழுத்தமாக, மேடாக: 1866.

உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆதாரம். மண்ணில் அச்சடித்துச் சூளையில் சுட்ட ஆதாரம். இத்தனை வருஷமாக இந்த மனிதர்கள் இதன் அடியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள், ஒருவர்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. டீக்கடை, 1866 என்று அங்கேயே எழுதினேன். கம்பெனி பெயருக்குக் கீழே வருஷம் ஏன் இருக்கிறது என்று ஒரே ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. எனக்கு எம்.ஏ. இருந்தது.

அன்றிலிருந்து என் வேலை பறந்தது. ஒரு டார்ச் வாங்கிக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கும்பிடு போடுவேன், உள்ளே நுழைவேன், கூரையைப் பார்த்து டார்ச் அடிப்பேன். ஓட்டின் அடியில் பறவை தெரியும், பறவைக்குக் கீழே 1866 தெரியும், எழுதிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். டீ கொடுத்தால்கூட அண்ணாந்தபடியே வேண்டாம் என்பேன். ஒரு வீட்டில் நான் வந்து போனது பல்லி பிடிக்க என்று நினைத்துக்கொண்டார்களாம். தினமும் சாயங்காலம் கழுத்து திரும்பாது, அம்மா தைலம் தேய்த்துவிட்டு, "ஆபீஸ் வேலைக்குப் போறவளுக்குக் கழுத்து ஏன்டி வலிக்குது?" என்பாள். "ஆராய்ச்சிம்மா" என்பேன்.

மொத்தம் அறுபத்து மூன்று கட்டடம். அதில் ஐம்பத்தெட்டு 1866. இந்த இடத்தில் புத்தியுள்ள யாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு கோட்பாடு வந்தது. அந்த ஆண்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை மனசு வைத்து ஊரை ஒரே மூச்சாகக் கட்டியிருக்கிறான். இதை நாலு பக்கத்துக்கு எழுதி, "மாபெரும் கட்டுமான ஆண்டு" என்று தலைப்பும் கொடுத்து ராமலிங்கம் சாரிடம் நீட்டினேன். அவர் சமவெளிக்காரர், ஓடே இல்லாத, மேலே தளம் போட்ட மெத்தை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஓட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒழுகும் என்பதுதான். படித்துவிட்டு எழுந்து நின்றே கை கொடுத்தார். பேரூராட்சித் தலைவர் தன் ஊருக்கு நூற்று முப்பது வயது என்று கேட்டதும் நூற்று முப்பதாவது ஆண்டு விழாவுக்குக் கமிட்டி போட்டார்.

இந்த உச்சத்தில் இருக்கும்போதுதான் மாரிமுத்து கொத்தனார் வீட்டுக்குப் போனேன்.

தேயிலைச் சரிவின் ஓரமாக ஒரு சாதாரண ஓட்டு வீடு. அதன் பின்புறம், கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம், பத்தடிக்குப் பத்தடியில் ஒரு கல் கட்டடம் தனியாக நின்றது. பார்த்ததும் நின்றுவிட்டேன். செதுக்கிய கருங்கல் சுவர். கூப்பிய கை மாதிரி மேலே வளைந்து கூர்ந்த ஜன்னல். கூரை முகப்பில் பூ வேலை செய்த மரப்பலகை. சுவரின் உச்சியில் சிலுவை வடிவத்தில் ஒரு துளை, அதன் வழியாக உள்ளே வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. எதிர்ச்சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் மேடை. மேடை முழுக்கக் கரி படிந்திருந்தது.

பீடம். மெழுகுவர்த்திக் கரி.

யாரோ ஒரு தோட்டத் துரை தன் குடும்பத்துக்காகக் கட்டிய சின்னச் சிற்றாலயம் என்று புரிந்துபோயிற்று. டார்ச்சை மேலே அடித்தேன். பறவை, 1866. கண் கலங்கிவிட்டது. நான் காந்தல் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை. அப்படியே முழங்காலிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். தரை ஈரமாக இருந்தது. மலையில் எல்லாத் தரையும் ஈரம்தான் என்று விட்டுவிட்டேன்.

"ஏனுங்க, உள்ளார யாருங்க?"

திரும்பினேன். வாசலில் ஒரு அம்மா, தோளில் துண்டு, ஒரு கையில் சோப்புப் பெட்டி, மறு கையில் செம்பு. மாரிமுத்து கொத்தனாரின் மனைவி சரசு அக்கா.

"குளிக்கறதுன்னா தாழ்ப்பாள் போட்டுக்கோங்க, பரவால்ல" என்றார் அவர். "ஆனா நீங்க யாரு?"

நான் எழுந்து, அட்டையைக் காட்டி, இது எப்பேர்ப்பட்ட புனிதமான இடம் தெரியுமா, இதில் போய்க் குளிக்கிறீர்களே என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன். சரசு அக்கா என்னைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, செத்த இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

மாரிமுத்து கொத்தனார் வந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஒடிசலான, அவசரப்படாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்மிணி, இது வெந்நி ரூம்புங்க. நான் கட்டுனதுதான். இவ காரமடைக்காரி, கலியாணம் பண்ணிக் கூட்டியாந்தப்ப குளிரு தாங்கல. மூணு நாள் குளிக்கவே இல்லீங்க."

"அத ஏன் இப்ப சொல்றீங்க" என்றார் சரசு அக்கா.

"அதான் வெந்நி வெச்சுக் குளிக்கன்னு தனியா கட்டுனேன். அந்த மேடைதான் அடுப்பு. மேல இருக்கறது ஆவி போற ஓட்டைங்க."

ராமலிங்கம் சார் சொன்னது அப்படியே நடந்தது. நானே கட்டினேன் என்றுகூடச் சொல்வார்கள். நான் கனிவாகச் சிரித்தேன்.

"இந்தக் கல்லு, ஜன்னல் எல்லாம்?"

"மேல ஒரு பங்களாவ இடிச்சாங்க. நான்தான் இடிக்கற வேலைக்குப் போனேன். கல்லு, ஜன்னலு, பலகை எல்லாம் எடுத்துக்கச் சொன்னாங்க."

"கூரையில 1866-ன்னு போட்டிருக்கே."

"அந்த ஓடு வந்துங்க..."

"ஓட்டைப் பத்தி நான் பார்த்துக்கறேன். நீங்க ரிப்பேர் பண்ணியிருப்பீங்க. அதைக் கட்டினதா நினைச்சுட்டீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. சரிந்து நிற்கும் சுவரைக் கொத்தனார் பார்க்கிற பார்வை.

அந்த அறையைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டிய முதல் தரம் என்று எழுதினேன். அறுபத்து மூன்றில் முதல் தரம் அது ஒன்றுதான். இரண்டு வாரத்தில் மாரிமுத்து கொத்தனாருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போனது: மேற்படி சிற்றாலயத்தை இடிக்கவோ மாற்றவோ கூடாது.

கடிதம் போன மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மனு. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் மகள் செல்வி ஏழு மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் இருப்பதே ஒரு அறையும் சமையல்கட்டும். அந்த வெந்நீர் அறையைப் பிரித்து, அந்த இடத்தோடு சேர்த்துப் பிள்ளைக்கும் தாய்க்கும் குளிர் அடிக்காத ஒரு அறை கட்ட அவர் மணலும் செங்கல்லும் இறக்கிவைத்திருந்தார்.

"கொழந்த வர்றதுக்குள்ள முடிக்கோணுங்க" என்றார். "மழைக்கு முந்திச் சொவரு எழுப்பிட்டாத்தான் காயும்."

ராமலிங்கம் சார் என் பக்கம் திரும்பினார். "இவரே கட்டினதுங்கறாரே?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஓடு 1866 சார். ஆதாரம் இருக்கு."

"அம்மிணி, அந்த ஓடு வந்து..." என்றார் அவர்.

"நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா?"

மாரிமுத்து கொத்தனார் சார் பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார்: "அதக் கட்டறப்ப எனக்கு இருபத்தாறு வயசுங்க. இந்த அம்மிணி கணக்குப்படி பாத்தா, இப்ப எனக்கு நூத்தம்பத்தாறு. ரேஷன் கார்டுல அப்பிடிப் போடலீங்களே."

அலுவலகமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. என் அறிவை அவமதிக்கிறார் என்று நினைத்தேன். "சென்னையிலேர்ந்து நிபுணர் வர்றாங்க. அவங்க வந்து சொல்லட்டும்" என்றேன். அவரும், "அது செரிங்க. வெவரந் தெரிஞ்சவங்க வந்தா நல்லதுதான்" என்று எழுந்து போனார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நிபுணர் வசந்தா மேடம், கட்டடக் கலை கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை. மாவட்டம் முழுக்கப் பட்டியலைச் சரிபார்க்க வந்திருந்தார். எங்கள் ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். தலைவர் புதுச் சால்வை போர்த்தி வரவேற்றார். நான் அம்மாவின் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். (பழைய கட்டடம் பார்க்கப் பட்டுப் புடவை எதற்கு என்று கேட்காதீர்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. கர்த்தர் என்மேல் வைத்த இரக்கம் அது.)

பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்கள் நாலு பேரும் நடந்தே மாரிமுத்து கொத்தனார் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். 1866 என்று குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பேன்.

போய்ச் சேர்ந்தால், சிற்றாலயத்தின் கதவு சாத்தியிருந்தது. சிலுவைத் துளை வழியாகக் குபுகுபுவென்று ஆவி வந்துகொண்டிருந்தது.

"செல்வி குளிக்கறாங்க" என்றார் சரசு அக்கா. "மாசமா இருக்கற புள்ள. அவசரப்படுத்தக் கூடாதுங்க."

ஆக, பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், சென்னை நிபுணர், பட்டுப் புடவையில் நான், நாலு பேரும் கொய்யா மரத்தடியில் வரிசையாக நின்றோம். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். தலைவர் கைகட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இருபது நிமிடம். அது முடிந்து, செல்வி தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி, "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே எங்கள் வரிசையைக் கடந்து போனாள்.

வசந்தா மேடம் உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெளியே நின்ற மாரிமுத்து கொத்தனாரைக் கூப்பிட்டு, "இது சிமெண்ட் கலவைதானே? நீங்க போட்டதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அப்பத்தான் சிமெண்ட்டு வேலை கத்துக்கிட்டேன். அந்த மூலைல பாருங்க, கொஞ்சம் கோணலா இருக்கும்."

"ஜன்னல் வளைவு நல்லா நிக்குது. யாரு சொல்லிக்கொடுத்தது?"

"இடிக்கறப்ப ஒவ்வொரு கல்லாப் பாத்துக்கிட்டே எறக்குனனுங்க. அதே மாதிரி ஏத்திட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. "மேடம், ஆண்டுக்கு ஆதாரம் இங்கே இருக்கு" என்று டார்ச்சை உயரத் தூக்கினேன். பறவை தெரிந்தது. 1866 தெரிந்தது. வசந்தா மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இந்த ஓடு ஊர்ல வேற எங்கயாவது பார்த்தியாம்மா?"

"எல்லா இடத்துலயும் மேடம். ஐம்பத்தெட்டு கட்டடம். ஊரே ஒரே வருஷத்துல கட்டினது."

அவர் கொஞ்சம் தயங்கினார். இப்போது நினைத்தால், என்னை எப்படி வலிக்காமல் இறக்குவது என்று யோசித்திருக்கிறார்.

"நான் வந்து இறங்கினதும் பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்துக்குப் போனேன். அங்கயும் இதே ஓடுதான். அதுவும் பறவை, அதுவும் 1866."

வாசலில் நின்ற தலைவர் முகம் மலர்ந்தது. "அது நான் தொறந்து வெச்சதுங்க மேடம்" என்றார். "போன வருஷம். கல்வெட்டுகூட இருக்கு."

அடுப்பில் விறகு ஒன்று வெடித்தது. தலைவர் தான் சொன்னதைத் தானே மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார் என்பது உதட்டில் தெரிந்தது. நானும் சொல்லிப் பார்த்தேன். கழிப்பிடம். போன வருஷம். 1866. எனக்கு இரண்டு காதும் சுட்டது.

"அது ஓட்டுக் கம்பெனி ஆரம்பிச்ச வருஷம்மா" என்றார் வசந்தா மேடம், மெதுவாக. "அவங்க பெருமைக்குப் போட்டுக்கறது. இன்னிக்குக் காலையில சுட்ட ஓட்டுலயும் அதுதான் இருக்கும்."

"அதைத்தானுங்க நானும் சொல்ல வந்தேன்" என்றார் மாரிமுத்து கொத்தனார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்த செல்வி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் சிரித்த சிரிப்பில் சரசு அக்கா, "ஏய் புள்ள, மெதுவா, மெதுவா" என்று பயந்து ஓடினார். ராமலிங்கம் சார் என்னைப் பார்க்கவே இல்லை. தலைவர் மட்டும் கடைசி நம்பிக்கையாக, "அப்ப நம்ம நூத்தி முப்பதாவது ஆண்டு விழா?" என்று கேட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. பதிலாக சரசு அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், "புடவை நனைஞ்சிருக்கு பாருங்க, கீழ முட்டி போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை, சுவரில் பட்டது என்றேன். அன்று அது உண்மைதான். ஆனாலும் யாரும் நம்பவில்லை.

பஸ்ஸில் ஊட்டி வரும்வரை அழுதேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் போனால் ராமலிங்கம் சார் ஒரு புதுக் கட்டு படிவத்தை என் முன்னால் வைத்தார். "அறுபத்து மூணு. மறுபடியும். உங்களுக்கு ரெண்டு வாரம் நீட்டிச்சிருக்கேன். இந்தத் தடவை மேல பாக்காம நேரா பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்பிடாதீங்கன்னு நான் சொன்னதை மட்டும் மேடம்கிட்ட சொல்லிட வேண்டாம்" என்றார்.

முதலில் மாரிமுத்து கொத்தனார் வீட்டுக்குத்தான் போனேன். தடையை நீக்கிய கடிதத்தை நானே கையில் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும் கடிதத்தை மட்டும் நீட்டினேன். அவர் கடிதத்தை வாங்கிப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மூணு வாரம் போயிருச்சுங்க அம்மிணி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிறகு, "நீங்க சுத்தற ஊட்டுக்கெல்லாம் ஒருக்கா நான் வேணா கூட வரட்டுமா? பாதிச் சொவரு நான் பூசுனதுதான்" என்றார்.

"உங்க கட்டட வேலை?"

"காலைல எட்டு மணி வரைக்கும் கலவை போட மாட்டனுங்க. பனியா இருக்கும்."

அப்படித்தான் இரண்டு வாரம் காலை ஆறிலிருந்து எட்டுவரை அவரோடு ஊர் சுற்றினேன். எந்த வீட்டுக்குப் போனாலும், "என்னங்க டீச்சர், இன்னிக்கு மேல பாக்கலீங்களா?" என்று கேட்டார்கள். (நான் டீச்சர் இல்லை. யாரோ ஒருவர் ஆரம்பித்துவைத்தது.) நான் தலையைக் குனிந்து, கீழே உட்கார்ந்து, கொடுத்த டீயையெல்லாம் குடித்து, கேட்டேன். ரோடு இடிஞ்ச மழை எந்த வருஷம் என்று மூன்று பேரிடம் கேட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கண்டுபிடித்தேன். மாரிமுத்து கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சுண்ணாம்பு. இது என்னோட மேஸ்திரி கை. இது என்னோடது" என்பார். ஐம்பத்தெட்டில் நாற்பது கட்டடம் என் அப்பாவைவிட இளையவை.

கடைசி நாள் கடைவீதிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்றின் முன்னால் அவர் நின்றார். உள்ளே கேரட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அது என் அறுபத்து மூன்றில் இல்லை. ஓடு இல்லாததால் நான் உள்ளேயே நுழையவில்லை.

"இத எழுதலீங்களா?" என்றார். "நான் இங்க வந்தப்பவே இதுக்குக் கெழட்டு வயசு. செவரு ரெண்டு மொழம் பாருங்க. குதிர மாத்தற எடம்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. தபால் கொண்டுபோற குதிர."

நான் இந்தத் தடவை வாக்குவாதம் செய்யவில்லை. எழுதி அனுப்பினேன். வசந்தா மேடம் ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பார்த்தார். அந்த ஊரிலிருந்து பாதுகாக்கும் பட்டியலுக்குப் போன ஒரே கட்டடம் அதுதான். இன்னும் நிற்கிறது.

மாரிமுத்து கொத்தனார் வீட்டு அறை பிள்ளை பிறப்பதற்கு ஆறு நாள் முன்னால் முடிந்தது. வெந்நீர் அறையை அவர் கடைசியில் இடிக்கவில்லை. "முதல் தரம்னு அரசாங்கமே எழுதியிருக்கு, எப்பிடி இடிக்கறது" என்று என்னிடமே சொல்லிவிட்டு, அதற்குப் பக்கவாட்டில் ஒட்டிப் புது அறையைக் கட்டினார். பேத்தி பிறந்து பேர் வைக்கும் நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். புது அறையின் வெளிச்சுவரில், பூச்சு ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறி எழுதியிருந்தார். அவருடைய சீரான கொத்தனார் எழுத்து:

"இந்த அறையைக் கட்டியது ப. மாரிமுத்து. சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்கவும்."

அதைப் படித்து நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. சிரித்தேன் என்று செல்வி சொல்கிறாள்.

எனக்குக் கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரரை முதல்முதலில் கூட்டிப்போய்க் காட்டியது அந்தச் சுவரைத்தான். பிறகு பிள்ளைகளை. அதிலிருந்து எங்கள் வீட்டில் அது பேச்சாகிவிட்டது. குழம்பு யார் வைத்தது, கண்ணாடியை யார் உடைத்தது என்று எதைக் கேட்டாலும், "சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்கவும்" என்று என் மகள் செய்தி வாசிக்கிற குரலில் சொல்வாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது, பலகாரம் நீயா செய்தது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டாள். அந்த அம்மா எடுத்த பலகாரத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். அப்புறம் கதையை முழுக்கச் சொல்லி நிலைமையைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையைக் கேட்டுத்தான் சம்பந்தமே பிடித்தது என்று மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்கிறார்.

இப்போது அதை அவர்தான் எல்லோருக்கும் சொல்கிறார். என்னைவிட நன்றாகச் சொல்கிறார். போன கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லும்போது அறுபத்து மூன்று கட்டடம் முந்நூறாகிவிட்டது. வெந்நீர் அறைக்கு நான் பிஷப்பையே கூட்டிக்கொண்டு போனதாகவும் வந்தது. நான் குறுக்கிட்டு, "இல்லீங்க மாப்ளே, அறுபத்து மூணுதான். பிஷப் வரவே இல்ல. நான்தானே அங்க இருந்தேன்" என்றேன்.

அவர் என் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்துவிட்டு, "அத்தை, ரொம்ப வருஷமாச்சு. நீங்க மறந்திருப்பீங்க" என்றார்.